கறுங்கிடாச் சாவி

சனிக்கிழமை மதியச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஹெப்ஸி கேட்லோ தன் நான்கு தறிகளையும் நிறுத்தினாள். ஆர்ம்ஷா மில்லில் ஒரு தறி நின்றாலே மேஸ்திரிக்கு மூக்கு வியர்க்கும். நான்கும் நின்றதும் அவன் பாவு உருளைகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"என்ன, சங்கு ஊதலையே?" என்று வாயசைத்தான்.

"உனக்கு ஊதலை. எனக்கு ஊதியாச்சு," என்று அவளும் வாயசைத்தாள்.

அந்தக் கூடத்துக்குள் காது இருந்தும் பிரயோஜனமில்லை. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் நூல் சுமக்கும் நாடாக்கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறைந்து தள்ளும்போது பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் கேட்காது. அதனால் பிராக்டன் ஊரில் நெசவுக்காரர்கள் உதட்டால் பேசினார்கள். சத்தம் கிடையாது. வாயை அகலத் திறந்து, கன்னத்தை இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் முகத்திலேயே செய்து காட்டுவார்கள். கூடத்தின் கோடியில் நிற்பவளுக்கும் புரியும். ஊமைப்பேச்சு என்று அதற்குப் பெயர். அதில் ஒன்றை மறைக்க வேண்டுமென்றால் கையால் வாயைப் பொத்த வேண்டும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஹெப்ஸி தலை நிமிர்ந்த போதெல்லாம் கைகள் வாய்க்குப் போயின. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் புருஷன் ஏனோக் பிராக்டன் கால்பந்து கிளப்பின் இடது பேக். எதிரணி ஃபார்வர்டுகளை நிறுத்துவது அவன் தொழில், அதற்குச் சம்பளம் வாங்கினான். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கோப்பை ஆட்டத்தில், பக்கத்து ஊர் அணிக்கு ஆடப்போயிருந்த ஜேபஸ் என்கிற உள்ளூர்ப் பையனின் காலை முறித்தவன். ஜேபஸ் இப்போது மில் முற்றத்தில் தடி ஊன்றிக்கொண்டு குப்பை கூட்டினான். அவன் அக்கா கெசியாவின் தறிகள் ஹெப்ஸியின் தறிகளுக்கு எதிர்வரிசையில் இருந்தன. கைகள் வாயைப் பொத்துவது அதற்காகத்தான் என்று ஹெப்ஸி நினைத்தாள். அதோடு பொறாமை. இன்றைக்குக் கடைசி ஆட்டம் முடிந்ததும் 'கறுங்கிடா' பீர்க்கடையின் சாவி ஏனோக்கின் கைக்கு வரப்போகிறது. ஆடி முடித்தவனுக்குக் கிளப் ஒரு பீர்க்கடையைக் கொடுத்து உட்கார வைப்பது வழக்கம். வயிறெரிபவர்கள் எரியட்டும்.

அவள் எல்லோருக்கும் தெரியும்படி நடுப்பாதையில் வந்து நின்றுகொண்டு மேஸ்திரியிடம் சொன்னாள்.

"திங்கக்கிழமைக்கு வேற ஆளைப் பார்த்துக்க. நாடா ஓட்டையில வாயை வச்சு நூலை உறிஞ்சி உறிஞ்சி எடுத்து என் முன்பல் ரெண்டும் போச்சு. பஞ்சு தின்னு தின்னு நெஞ்சும் போச்சு. இனி உன் தறியை நீயே ஓட்டு. கைக்கு வேலை இருந்தா பொம்பளைங்க இடுப்பாவது தப்பிக்கும்."

கூடம் முழுக்கப் பார்த்தது. மேஸ்திரியின் காது சிவந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு ஹெப்ஸி சால்வையை எடுத்துத் தலையில் போட்டாள்.

வீட்டில் ஏனோக் அடுப்புப் பக்கத்தில் முட்டியை ஒரு முக்காலிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூடான வினிகரில் நனைத்த பழுப்புக் காகிதத்தை அதைச் சுற்றிக் கட்டியிருந்தான். வீடெல்லாம் அந்தப் புளித்த வாடை. முட்டி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. உப்பிப்போன மாவுருண்டை மாதிரி இருந்தது, அழுத்தினால் குழி விழுந்தது. காலையில் மாடிப்படியை உட்கார்ந்தபடியே தேய்த்து இறங்குவான். ஆட்டத்துக்குப் போகும் வழியில் மட்டும் நேராக நடப்பான்.

அவனும் தறிக்கூடத்திலிருந்து வந்தவன்தான். பந்தாடக் கூலி வாங்குவது ஆட்டச் சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில் மில்லில் செய்யாத வேலைக்குக் கூலி என்று எழுதிக் கொடுத்து அவனை ஆட வைத்தார்கள். சட்டம் மாறியதும் வெளிப்படையாகவே கொடுத்தார்கள். அவனிடம் அழகான ஆட்டம் எதுவும் கிடையாது. வருபவனை நிறுத்துவான், பந்தை வானத்துக்கு உதைப்பான், திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பான். அவனைத் தாண்டிப் போனவன் அடுத்த முறை அந்தப் பக்கம் வரத் தயங்குவான். அயலூரில் அவன்மேல் சாம்பலையும் குதிரைச் சாணத்தையும் எறிந்தார்கள். உள்ளூரில் ஜெயித்த நாளில் கைதட்டினார்கள், தோற்ற நாளில் அவன் வீட்டுச் சன்னலில் கல் விழுந்தது. ஜேபஸுக்குப் பிறகு ஜெயித்த நாளிலும் கைதட்டல் இல்லை. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து ஒரு கிளப்காரன் வந்து, எங்களிடம் வா, இப்போதே பீர்க்கடை தருகிறோம் என்றான். கிளப் தலைவர் ஆர்ம்ஷா, மில்லும் அவருடையதுதான், ஏனோக்கின் தோளில் கைபோட்டு, எங்கேயும் போகாதே, சீசன் கடைசி ஆட்டம் முடிந்ததும் கறுங்கிடா உனக்கு என்றார். போக நினைத்திருந்தாலும் அவர் விட்டால்தான் முடியும். ஒரு கிளப்பில் பெயர் பதிந்தவன் அவர்கள் விடாமல் வேறெங்கும் ஆடக்கூடாது. சம்பளம் கொடுக்காமலேயே பெயரைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டுக்கொண்ட விதம் ஏனோக்குக்குப் பிடித்திருந்தது. இருந்துவிட்டான்.

மேசையில் மர்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது பேக், ஸ்காட்லாந்துக்காரன். கிளப் அவனை இவர்கள் வீட்டில் தங்க வைத்திருந்தது. உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட ரொட்டியில் பாதியை முடித்துவிட்டு வினிகரில் ஊறிய மாட்டுக்குடலுக்கும் வெங்காயத்துக்கும் வந்திருந்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்தவனுக்கு எந்த நேரமும் பசி, எந்த நேரமும் பேச்சு.

"கடை வந்ததும் எனக்குச் சும்மா ஊத்துவியா?" என்றான் ஏனோக்கிடம்.

"குவளை கழுவின தண்ணி ஊத்துறேன்."

"இப்பவும் அக்கா டீன்னு அதைத்தான் ஊத்துறா."

ஹெப்ஸி குடல் தட்டை அவன் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டாள். அவன் முள்கரண்டியோடு அதைத் துரத்தினான்.

"இன்னிக்கு முடியலேன்னா கத்து. நான் வந்துடுறேன். போன வார ஆட்டம் பூரா உன் பக்கத்தையும் நான்தானே பார்த்தேன்," என்றான் மர்டோ.

ஏனோக் காகிதக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "நடுவுல வர்ற பந்துக்கு நீ போ. நான் பின்னால நிப்பேன். அதான் ஏற்பாடு. என் பக்கம் வந்தேன்னா உன்னையும் கதவுல படுக்க வச்சுத்தான் தூக்கிட்டுப் போவாங்க."

மர்டோ சிரித்தான். மைதானத்தில் அடிபட்டவர்களைத் தூக்க ஒரு பழைய கதவு இருந்தது. ஜேபஸ் அதில்தான் போனான்.

ஹெப்ஸி தானும் வருகிறேன் என்றாள். கல்யாணமான புதிதில் போனதோடு சரி, பிறகு அவள் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. ஏனோக்குக்குப் பிடிக்கவில்லை, கூட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கத்துவார்கள் என்றான்.

"கத்தட்டும். சாவியை உன் கையில வாங்குறதை நான் பார்க்கணும்," என்றாள்.

காலையில் பெய்த மழை நின்று, மொட்டை மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மில் அடைத்திருந்ததால் புகைபோக்கிகள் ஓய்ந்து, மலை கொஞ்சம் தெரிந்தது. மைதானம் ஒரு பக்கம் சரிந்து, சரிவின் அடியில் சேறு கட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் கனவான்களுக்கு மரக்கொட்டகை. எதிர்ப்பக்கம் கொதிகலன் சாம்பலைக் கொட்டிக் கொட்டி உயர்த்திய மேடு. சாம்பல் மேட்டில் மில் ஜனம் மொத்தமும் கட்டைச் செருப்போடு நின்றது, ஆணும் பெண்ணும். வாளியில் கறுப்புப் பட்டாணி விற்றுக்கொண்டு போனான் ஒருவன். ஹெப்ஸி வாங்கினாள். அவள் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. பக்கத்தில் கெசியா வந்து நின்றாள். வேண்டுமென்றே வந்தாளா என்று ஹெப்ஸிக்குத் தெரியவில்லை.

முதல் பாதியில் ஏனோக் கொட்டகைப் பக்கம் ஆடினான். எதிரணி வலது ஓரத்துக்காரன் கெட்டிக்காரன், முட்டியைப் பார்த்துவிட்டான். திரும்பத் திரும்ப வெளிப்பக்கமாகவே ஓடினான். ஏனோக் திரும்புவதற்குள் பந்து போய்விடும், மர்டோ குறுக்கே ஓடி வந்து அதை வெளியே அடிப்பான். சாம்பல் மேடு மர்டோவின் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஏனோக்கைப் பார்த்து, 'பாட்டி, வீட்டுக்குப் போ' என்றது. அடுத்த தடவை ஏனோக் அந்த ஓரத்துக்காரனை விலாவில் இடித்து வேலியோடு சேர்த்து நசுக்கினான். அதற்கும் திட்டினார்கள்.

ஹெப்ஸி ஆட்டத்தை அதிகம் பார்க்கவில்லை. கொட்டகையில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்த ஆர்ம்ஷாவைத்தான் பார்த்தாள், சாவி கோட்டுப் பையில் இருக்குமா என்று. அவர் பக்கத்தில் கிளப் செயலாளர். மைதானத்தின் அகலம் தறிக்கூடத்தின் நீளத்தைவிடப் பெரிதில்லை. ஆர்ம்ஷாவின் அப்பன் தறி ஓட்டி மேலே வந்தவன். அவன் கொட்டகையில் உட்கார்ந்து பேசினால் தொப்பியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசுவான். மகனான இவர் வெளியூரில் படித்து வந்தவர். தொப்பியை மடியில் வைத்திருந்தார். பெரிய வாய், நிதானமான பேச்சு, மீசையும் இல்லை.

"கேட்லோ முடிஞ்சான். கடை ஸ்காட்காரனுக்குத்தான். நாலு வருஷம் ஆடுவான், ஊருக்கும் அவனைப் பிடிச்சிருக்கு. கடை இல்லேன்னா ஓடிப்போயிடுவான்," என்றது அந்த வாய்.

செயலாளர் ஏதோ கேட்டார். அவர் தாடி மறைத்தது.

"இல்ல, ஸ்காட்காரனுக்கே இன்னும் தெரியாது. ஆட்டம் முடியட்டும், சொல்லலாம்."

மறுபடியும் தாடி அசைந்தது.

"விடக்கூடாது. விட்டா மலைக்கு அப்பால போய் நமக்கு எதிரா நிப்பான். பேரு நம்மகிட்டயே கிடக்கட்டும். சம்பளம் வேண்டாம்."

ஹெப்ஸியின் வாயில் பட்டாணி அப்படியே இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மேடு முழுக்க முகங்கள் கொட்டகையிலிருந்து அவள் பக்கம் வந்துவிட்டு அவசரமாகப் பந்துக்குப் போயின. எத்தனை சனிக்கிழமை இந்த ஜனம் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு இங்கே நின்றிருக்கிறது. ஏனோக்குக்கு ஆடும்போது அந்தப் பக்கம் பார்க்க நேரமில்லை. அவளோ வருஷக்கணக்கில் வந்ததே இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் கெசியாவிடம்.

"எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் ஆட்டத்துலேயே சொன்னான்."

"இன்னிக்குக் காலையில என் தறியை நிறுத்தினேன். அந்த நாய்கிட்ட அத்தனையும் பேசினேன். பார்த்துக்கிட்டு நின்னியே."

"ஆமா. நல்லாப் பேசினே."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கெசியா பட்டாணி வாளிக்காரனுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றாள். "என் தம்பியைக் கதவுல கொண்டுவந்து இறக்கினாங்களே, அன்னிக்கு நீ எங்க வாசலைத் தாண்டித்தான் போனே. கையில துணிப்பை. ரொட்டி வாங்கப் போனேன்னு நினைக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அந்த நாள் ஹெப்ஸிக்கு நினைவிருந்தது. ரொட்டிக்குத்தான் போனாள்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. ஏனோக் சாம்பல் மேட்டுப் பக்கம் வந்தான், அவளுக்கு நாலு எட்டு தூரத்தில். நொண்டல் இப்போது ஊருக்கே தெரிந்தது. பந்து அந்தக் கோடியில் இருந்தபோது குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெப்ஸி அவனிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவன் ஆடி முடித்து, முகம் கழுவி, கொட்டகைப் படியேறிப் போய்ச் சாவிக்குக் கை நீட்டி நிற்பான். அத்தனை பேர் பார்க்க. அதை அவளால் பார்க்க முடியாது. கடிந்துகொள்ள ஆர்ம்ஷா எட்டாத இடத்தில் இருந்தார். எட்டும் இடத்தில் மர்டோ இருந்தான். சேற்றில் குதித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு. அவள் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு.

ஏனோக் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். அவள் வாயசைத்தாள்.

"கடை உனக்கு இல்ல."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "யாருக்கு?" என்று வாயசைத்தான்.

"மர்டோவுக்கு."

பந்து நடுமைதானத்துக்கு வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அவளைப் பார்த்தான்.

"அவனுக்குத் தெரியுமா?"

ஹெப்ஸி ஆமென்று தலையை ஆட்டினாள்.

பக்கத்தில் கெசியா மூச்சை இழுத்தது கேட்டது. மேட்டில் பலரும் அதைப் பார்த்தார்கள். ஆர்ம்ஷாவின் வாயையும் பார்த்திருந்தவர்கள்தான்.

பிறகு நடந்தது அதிக நேரம் எடுக்கவில்லை. பந்து உயரமாக நடுவில் வந்தது. மர்டோ ஏற்பாட்டின்படி அதற்குப் போனான், கண் மேலே, ஒற்றைக் கால் தரையில் ஊன்றி. ஏனோக் பின்னால் நிற்கவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடுவான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஊன்றிய காலின்மேல் முழு உடம்போடு இறங்கினான். ஈர விறகை முறிப்பது போன்ற சத்தம் மேட்டுக்குக் கேட்டது. பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது.

நடுவர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எதிராளியை முறித்தால் தண்டனை உண்டு. சொந்த அணிக்காரனை முறித்தால் என்ன செய்வதென்று சட்டத்தில் எதுவும் இல்லை. கோல் என்று கை காட்டினார். மோதிக்கொண்டார்கள், பாவம், என்றார்கள் கொட்டகையில். சாம்பல் மேட்டில் கைகள் வாய்க்குப் போயின. கெசியா ஹெப்ஸிக்கு நேராக வந்து, சத்தமில்லாமல், தறிக்கூடத்தில் சொல்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து சொன்னாள்.

"பார்த்தேன்."

மர்டோவைக் கதவில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். அவனுக்கு இந்த ஊரில் வேறு வீடு இல்லை. ஹெப்ஸியின் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மருத்துவர் வந்து எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டினார். முன்னறையில் கட்டில் போட்டார்கள். அவன் கத்தி முடித்து, பிறகு முனகி, பிறகு பசிக்கிறது என்றான். ஹெப்ஸி ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டினாள். எழுந்து உட்கார அவனால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"அவர் வேணும்னு செய்யலை அக்கா. பந்தைத்தான் பார்த்திருப்பார்," என்றான்.

ஏனோக் அடுப்பங்கரையில் அந்த முக்காலியோடு இருந்தான். வினிகரைத் தொடவில்லை. ஹெப்ஸி காலிக் கிண்ணத்தோடு வந்தபோது ஒரே ஒரு முறை பேசினான்.

"என் மேசையில உக்காந்து, என் கடையில சும்மா ஊத்துவியான்னு என்கிட்டயே கேட்டான். தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்கான் பாரு. அந்தச் சிரிப்பு. அதுக்குத்தான்."

அவள் கிண்ணத்தைக் கழுவினாள். மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அவன் முன்னால் போய் நிற்க வேண்டும், அவன் கை எங்கே போனாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் தேவாலயம் விட்டதும் ஆர்ம்ஷா வந்தார். கதவு திறந்தே இருந்தது. தெருவில் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி ஹெப்ஸியிடம் கொடுத்தார், அவள் வேலைக்காரி மாதிரி அதை வாங்கிக்கொண்டாள். ஏனோக் முன்னறை வாசலில் வந்து நின்றான். தறிக்கூடம் அவன் காதைப் பாதி தின்றிருந்தது. பேசுபவர்களின் வாயைப் பார்க்காமல் அவனுக்கு ஒன்றும் முழுதாக விளங்காது.

ஆர்ம்ஷா கட்டிலருகே நின்று, கடை எப்படியும் மர்டோவுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது, இப்போது கால் போன பிறகு கொடுப்பது இன்னும் பொருத்தம், ஊரே வாழ்த்தும் என்றார். பீர் ஊற்றுவதற்குக் கால் எதற்கு. கோட்டுப் பையிலிருந்து பெரிய இரும்புச் சாவியை எடுத்து மர்டோவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். திரும்பும்போது ஏனோக்கைப் பார்த்து, உன் பெயர் கிளப்பிலேயே இருக்கட்டும், அடுத்த சீசன் பார்க்கலாம், சம்பளம் மட்டும் இப்போதைக்கு இல்லை என்றார். தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மர்டோ சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் படுத்திருந்தான். முகமெல்லாம் வியர்வை. வாசலில் நிற்பவனைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஹெப்ஸியைப் பார்த்தான்.

"இது ஏனோக்கோடதுதானே அக்கா. எனக்குத் தெரியாது. சத்தியமா ஒண்ணுமே தெரியாது. இப்ப முதலாளி சொல்லித்தான்..."

ஹெப்ஸி போர்வையை இழுத்துக் கட்டுப்போட்ட காலை மூடினாள். இரவெல்லாம் தூங்காதவள். கஞ்சி ஊட்டிய களைப்போ, அந்த முகமோ, அவள் யோசிக்காமல் பேசிவிட்டாள்.

"தெரியும்டா. உனக்குத் தெரியாதுன்னு எனக்கு நேத்தே தெரியும். ஆர்ம்ஷா வாயால சொன்னதை மேட்டுல நின்னு பார்த்தேன்."

சொல்லி முடித்துத்தான் நிமிர்ந்தாள். ஏனோக் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பார்வை மர்டோமேலும் இல்லை, சாவிமேலும் இல்லை. அவள் உதட்டில் இருந்தது.

ஹெப்ஸியின் கை வாயைப் பொத்தப் போனது.